அப்பா பாக்கெட்ல ஒரு கடலை பார்!

போன வாரம் ஹாஸ்டல் அயர்ன் பாக்ஸ்ல பிரெட் டோஸ்ட் போட்ட கதையை எழுதினேன் இல்லையா... அதை எங்க வார்டன் மேடமும் படிச்சுட்டாங்க. அயர்ன் பாக்ஸ் இப்போ அவங்க பீரோவுல பத்திரமா இருக்கு! அதனால, இந்த வாரம் ஹாஸ்டலுக்கு லீவு. நேரா பஸ் ஏறி கம்பத்துக்கு, எங்க வீட்டு அடுப்படிக்கு வந்துட்டேன்.

இந்த வார அயிட்டம், பீனட் பட்டர் பார். அவன் வேண்டாம், சீனி வேண்டாம், வெல்லம் வேண்டாம். கேட்க ஸ்டைலா இருக்கில்ல? ஆனா, இதை நான் செய்ய ஆரம்பிச்சது ஸ்டைலுக்காக இல்லை. எங்க அப்பாவுக்காக.

அப்பா ஜீப் டிரைவர். கம்பத்துல விடியக்காலை அஞ்சு மணிக்கு வந்து நின்னு பாருங்க. தூக்குவாளியும் தலைத்துண்டுமா அக்காக்கள், அத்தைகள் எல்லாம் வரிசையா ஜீப் ஏறுவாங்க. கம்பம்மெட்டு ஏறி, கேரளா பக்கம் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போறவங்க. போடி ஏலத்துல மூட்டை மூட்டையா கைமாறுதே ஏலக்காய், அது இவங்க கை கிள்ளிப் போட்ட காய்தான். அப்படி ஒரு ஜீப்பை ஓட்டுறவர் எங்க அப்பா. அந்த நேரத்துல எந்த வீட்டுல இட்லி வெந்திருக்கும்? ஒரு டீ, சட்டைப் பாக்கெட்ல ரெண்டு கடலை மிட்டாய். இதுதான் பல வருஷமா அவரோட காலை டிபன்.

போன வருஷம் தை மாசம் கால்ல ஒரு புண் ஆறவே இல்லைன்னு டாக்டர்கிட்ட போனார். வெறும் வயித்துல எடுத்த ரத்தத்துல சர்க்கரை 196. அப்பாவுக்கு வயசு 49. அம்மா அன்னிக்கே சீனி டப்பாவைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாங்க. அப்பாவும் பச்சைப்பிள்ளை மாதிரி தலையாட்டினார். ஒரு மாசம் கழிச்சு ஜீப் டேஷ்போர்டைத் துடைக்கப் போனா... உள்ளே கடலை மிட்டாய் கவர் பதினேழு. எண்ணிப் பார்த்தேன்!

"என்னத்தப்பா இது?"

"பாப்பா... உங்கம்மாகிட்ட சொல்லிராத. மலை ஏறும்போது வாயில எதையாச்சும் மெல்லாட்டி எனக்கு ஸ்டியரிங்கே பிடிபட மாட்டேங்குது."

திட்டவும் மனசு வரலை, விடவும் மனசு வரலை. கடலை கெட்டது இல்லையே, அதுல இருக்கிற வெல்லம்தானே வில்லன்? வெல்லத்தை மட்டும் கழட்டிட்டா? மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிறவளுக்கு ஒரு பார்ட்டைக் கழட்டுறது என்ன பெரிய வேலைன்னு நினைச்சேன். அங்கேதான் மாட்டினேன்!

கொஞ்சம் யோசிங்க பாஸ். 'நோ பேக் பார்'னு வெளிநாட்டுக்காரங்க பெருமையா சொல்றாங்களே, நம்ம கடலை மிட்டாயே அதுதானே? அவனே பார்க்காத பார்! கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. ஆனா, அந்த மிட்டாய்ல வெல்லம் இனிப்புக்கு மட்டும் இல்லை. பாகு காய்ச்சி, பதம் பார்த்து, கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில ஊத்தித் தேய்ச்சு வெட்டுறாங்க இல்லையா... அந்தப் பாகுதான் சிமென்ட். கடலை வெறும் ஜல்லி. சிமென்ட்டை எடுத்துட்டு வீடு நிக்கணும்னா, ஜல்லியைப் பிடிச்சு வைக்க வேற ஒண்ணு வேணும்.

கடையில விக்கிற 'ஹெல்தி' பார் கவரைத் திருப்பிப் படிச்சேன். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை'ன்னு முன்னாடி பெருசா போட்டுட்டு, பின்னாடி பொடி எழுத்துல பேரீச்சம்பழம், தேன், மால்ட்டோடெக்ஸ்ட்ரின். பேரீச்சம்பழத்துல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு சர்க்கரைதான். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் வாயில இனிக்காது, ஆனா ரத்தத்துல சரசரன்னு ஏறும். வெல்லமும் அப்படித்தான் மக்களே. நிறம் பழுப்பா இருந்தா சர்க்கரை இல்லைன்னு அர்த்தமில்லை. எங்க அத்தை ஒருத்தங்க 'நாட்டுச் சர்க்கரை ஒண்ணும் பண்ணாதுடி'ன்னு இன்னும் சத்தியம் பண்றாங்க. அவங்களுக்கும் சுகர்!

சரி, சிமென்ட்டுக்கு வருவோம். சர்க்கரை இல்லாம கடலையை ஒட்ட வைக்கிற ஆள் கடலைக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு. எண்ணெய்! நிலக்கடலையோட எடையில கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான். 100 கிராம்ல புரதம் 25 கிராம், மாவுச்சத்து 16 கிராம். அந்தப் பதினாறுலயும் பாதி நார்ச்சத்து. செக்குல போட்டா எண்ணெய் தனியா, பிண்ணாக்கு தனியா வந்துரும். மிக்ஸியில போட்டா ரெண்டும் பிரியாம குழம்பா நிக்கும். அதுதான் பீனட் பட்டர். பேர்ல பட்டர் இருக்கே தவிர, பாலுக்கும் அதுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

(வைவாவுல உதவும்: வறுத்த கடலையை விழுதாக்கி 1884-லயே பேட்டன்ட் வாங்கினவர் கனடாவோட மார்செல்லஸ் எட்சன். கார்ன்ஃப்ளேக்ஸ் புகழ் கெல்லாக் 1890-கள்ல தன் சானிட்டோரியம் நோயாளிகளுக்காக இதைச் செஞ்சார். ஆக, இது ஆரம்பத்துலேயே பத்தியச் சாப்பாடுதான்!)

முதல் ஞாயித்துக்கிழமை. சந்தையில வாங்கின கடலை 300 கிராம். முதல் வேலை பொறுக்குறது. சுருங்கினது, கறுத்தது, பூசணம் பூத்தது எல்லாத்தையும் தூக்கிப் போட்டுருங்க. 'வறுத்தா சரியாயிரும்'னு நினைக்காதீங்க. பூஞ்சை உண்டாக்குற அஃப்ளாடாக்ஸின்கிற நஞ்சு வறுத்தாலும் முழுசாப் போகாது. ஈரலைக் கெடுக்கிற சாமான் அது. கசக்கிற கடலையைத் துப்பிரணும்னு ஆச்சி சொன்னது சும்மா இல்லை.

அப்புறம் இருப்புச்சட்டியில, சின்னத் தீயில, கால் மணி நேரம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினா வெளியே கருகும், உள்ளே பச்சை வாடை அடிக்கும். ஆறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே துண்டுல கொட்டித் தேய்ச்சா தோல் கழண்டுரும். சுளகுல போட்டு நான் புடைச்சேன். தோல் பறக்கலை, கடலை பறந்துச்சு! அம்மா வந்து சுளகைப் பிடுங்கி ரெண்டே வீச்சு... தோல் எல்லாம் அந்தப் பக்கம், கடலை இந்தப் பக்கம். நாலு செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்சாலும் இது வராது போல.

மிக்ஸியில நடக்கிறதுதான் செம காமெடி. முதல்ல பொடி. அடுத்து, ஜார் ஓரத்துல ஒட்டிக்கிட்டு ஈர மண் மாதிரி கட்டி. இந்த இடத்துலதான் எல்லாரும் 'ஐயோ, சொதப்பிருச்சு'ன்னு தண்ணியோ பாலோ ஊத்துவாங்க. ஊத்திராதீங்க! ஈரம் பட்டா இறுகிப் போகும், சீக்கிரம் கெட்டும் போகும். ஓரத்தை வழிச்சுவிட்டு, அரை நிமிஷம் ஓட்டி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஓட்டுங்க. எண்ணெய் கசிஞ்சு திடீர்னு ஒரு கட்டத்துல பளபளன்னு இளகி ஓட ஆரம்பிக்கும். நான் ஆர்வக்கோளாறுல நிறுத்தாம ஓட்டி, மிக்ஸி அப்படியே மூச்சை நிறுத்திருச்சு. வீடே அமைதி. அம்மா முகத்தைப் பார்க்கணுமே! மிக்ஸியைக் கவுத்தா அடியில ஒரு சிவப்பு பட்டன் இருக்கும்; சூடு ஆறினதும் அதை அமுக்கினா உயிர் வந்துரும். என் இன்ஜினீயரிங் படிப்பு வீட்டுக்குப் பிரயோஜனப்பட்ட முதல் சம்பவம் அதுதான்.

விழுது ரெடி. ஆனா அது ஓடுதே, பார் ஆகணுமே? தேங்காய் எண்ணெய் நாலு டேபிள்ஸ்பூன் உருக்கி ஊத்தினேன். கொப்பரைத் துருவல் ஒரு கைப்பிடி, கோகோ பவுடர் ரெண்டு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் பத்து. (ஏலக்காய் எங்க வீட்டுல பஞ்சமில்லை. அப்பாவோட ஜீப்பே மணக்கும்!) இனிப்புக்கு சீனித்துளசிப் பொடி. எவர்சில்வர் தட்டுல கொட்டிப் பரப்பி ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம். வெட்டினா... சும்மா சாக்லேட் கடை மாதிரி சதுரம் சதுரமா வருது!

அப்பா ஒரு கடி கடிச்சார். "பாப்பா, இது மிட்டாயா, கஷாயமா?"

சீனித்துளசி ஓவர்டோஸ். அது சீனியைவிடப் பல மடங்கு இனிப்பு. கொஞ்சம் கூடிட்டா நாக்கு அடியில கசப்பு வந்து உக்காந்துக்கும். அளவு, கத்தி முனையில எடுக்கிற அளவுதான். உப்பு, ஏலக்காய், கொப்பரை மூணும் சேர்ந்தாலே நாக்கு பாதி ஏமாந்துரும். இன்னொண்ணு... உடம்பு இளைக்கணும்னு இந்த மாதிரி மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொல்லிருக்கு. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாதுன்னும் அதுலயே இருக்கு. அதனால அப்பாவுக்கு ஒரு சிட்டிகை ஓகே. எனக்கும் தம்பிக்கும் அதுகூட இல்லாம ஒரு தட்டு. தம்பி தொடலை!

ரெண்டாவது ஞாயிறு, அளவெல்லாம் சரி. டிபன் பாக்ஸ்ல போட்டு அப்பாவுக்குக் கொடுத்து அனுப்பினேன். மத்தியானம் போன். "பாப்பா, காலையில மெட்டுல கல்லு மாதிரி இருந்துச்சு. சாமி, பல்லு போயிரும்னு நினைச்சேன். இப்போ கம்பம் இறங்கிட்டேன். திறந்தா பாயசம்!"

தலையில அடிச்சுக்கிட்டேன். தேங்காய் எண்ணெய் உருகுறது சுமார் 24 டிகிரி செல்சியஸ்ல. மார்கழியில பாட்டில்ல உறைஞ்சு நிக்குறதும், சித்திரையில ஓடுறதும் அதனாலதானே! மெட்டுல விடியக்காலைக் குளிர்ல பார், அடிவாரத்து வெயில்ல குழம்பு. ஒரே நாள்ல ரெண்டு தடவை ஃபேஸ் சேஞ்ச். எங்க புரொஃபசர் சொல்லித் தராத பிராக்டிகல்!

தீர்வு, கண்ணு முன்னாடியே இருந்துச்சு. எள்ளுருண்டை! ஆச்சி எள்ளை விழுதாக்கவா செய்வாங்க? இடிச்சு, எண்ணெய் கசிய ஆரம்பிக்கும்போது நிறுத்திருவாங்க. நானும் மிக்ஸியை அந்த 'ஈர மண்' கட்டத்துலயே நிறுத்தினேன். தேங்காய் எண்ணெய் கட். கொப்பரைத் துருவலை 75 கிராம் ஆக்கினேன். வறுத்துப் பொடிச்ச ஆளிவிதை 30 கிராம்; அது மிச்ச எண்ணெயைக் குடிச்சு இறுக்கிப் பிடிச்சுக்குது. சூடு ஆறுறதுக்குள்ள தட்டுல கொட்டி, மேல இன்னொரு தட்டை வெச்சு, அதுக்கு மேல நம்ம 'ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' புக்கை வெச்சு அமுக்கினேன். (அந்த புக்கு இவ்வளவு உபயோகமா இருந்ததே இல்லை!) ஒரு மணி நேரம் கழிச்சு வெட்டினா 20 துண்டு. ஓரம் கொஞ்சம் உதிரும். ஆனா வெயில்ல உருகலை. பொட்டுக்கடலை மாவு போட்டா இன்னும் நல்லா நிக்கும்னு அம்மா சொன்னாங்க. நிக்கும்தான். ஆனா அதுல பாதிக்கு மேல மாவுச்சத்து, கணக்கு எகிறிரும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு துண்டு 20 கிராம். மாவுச்சத்து 4 கிராமுக்கும் கீழே, அதுல பாதிக்கு மேல நார்ச்சத்து. புரதம் 4 கிராம். இதே 20 துண்டுக்கு 200 கிராம் வெல்லம் போட்டிருந்தா, துண்டுக்குக் கூடுதலா ஒன்பது, பத்து கிராம் சர்க்கரை. ஆனா கலோரி 120 வாக்குல இருக்கு. இதைச் சாப்பிட்டா இளைப்போம்னு ஒரு தட்டைக் காலி பண்ணிராதீங்க, ரெண்டு துண்டு போதும். (கடலை அலர்ஜி இருக்கிறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க. சீனித்துளசிக்குப் பதிலா சைலிட்டால் போடுறவங்க நாய்க்குட்டிக்குக் கொடுத்துராதீங்க, அது நாய்க்கு விஷம்.)

பெருமையோட ஹாஸ்டல் திரும்பினேன். கடலை மிட்டாய் கவர் இல்லாத டேஷ்போர்டை அப்பா போட்டோ எடுத்து அனுப்பினார். கதை இங்கேயே முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்...

மூணு வாரம் கழிச்சு ஒரு புதன்கிழமை. அப்பா விடியக்காலை மாத்திரையைப் போட்டுட்டு, 'அதான் பாப்பா பார் இருக்கே'ன்னு கிளம்பிட்டார். ஜீப்புல பதினொரு பேர். மெட்டு ஏறுற பாதி வழியில கை நடுக்கம். அந்தக் குளிர்லயும் சட்டை நனையுற வேர்வை. ரோடு ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சிருக்கு. எப்படியோ ஓரம்கட்டி நிறுத்திட்டார். பசி மயக்கம்னு நினைச்சு என் பாரை எடுத்து ஒண்ணு, ரெண்டு, மூணு தின்னிருக்கார். நடுக்கம் கூடுதே தவிர குறையலை. பின்னாடி இருந்த ஒரு அத்தை, அவங்க வீட்டுக்காரரும் சுகர்காரர்தான், இறங்கி வந்து மூஞ்சியைப் பார்த்ததும் "அண்ணே, இது லோ சுகரு"ன்னு தன் தூக்குவாளியில இருந்த சீனி போட்ட கடுங்காப்பியை ஊத்திக் குடிக்க வெச்சிருக்காங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சிருக்கு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். அந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும்.

அம்மா போன்ல இதைச் சொல்லும்போது நான் கேன்டீன்ல நின்னுக்கிட்டிருந்தேன். அப்படியே உக்காந்துட்டேன்.

அந்த வார லீவுல டாக்டரைப் பார்க்க நானும் போனேன். அவர் திட்டலை, வரைஞ்சு காட்டினார். சுகர் மாத்திரையில பல ரகம். மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறவங்களுக்குச் சர்க்கரை தாழ்றது ரொம்ப அபூர்வம். அப்பா கூடவே எடுக்கிறது கிளிமிபிரைடு. அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி விரட்டும். சாப்பாடு வந்தாலும் வராட்டியும் விரட்டும்! இத்தனை நாளா வயித்துல டிபன் இல்லாம மாத்திரை போட்டும் அப்பா விழாம இருந்ததுக்கு, நான் திட்டின அந்தக் கடலை மிட்டாய் வெல்லம் ஒரு காரணமா இருந்திருக்கலாம். அதைத்தான் நான் பாக்கெட்ல இருந்து பிடுங்கிட்டேன். பதிலுக்கு வெச்சது, சர்க்கரையை ஏத்தவே கூடாதுன்னு கிராம் கணக்குல டிசைன் பண்ணின பார். அதுவும் முழுக்கக் கொழுப்பு. பின்னாடி வர்ற சர்க்கரையைக்கூட மெதுவாத்தான் உள்ளே விடும். மூணு தின்னும் கேக்காததுக்குக் காரணம் அது. என் பார் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. நேரம்தான் தப்பு.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதறேன், வீட்டுல மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க இருந்தா கட் பண்ணி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ, நடுக்கம், வேர்வை, படபடப்பு, கண் மங்கல் வந்தாலோ, உடனே 15 கிராம் சர்க்கரை: மூணு ஸ்பூன் சீனியோ குளுக்கோஸோ தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். 15 நிமிஷம் கழிச்சுப் பார்க்கணும், ஏறலைன்னா மறுபடி அதே அளவு. தெளிஞ்சதும் இட்லியோ, சாதமோ சாப்பிடணும். சாக்லேட், கடலை மிட்டாய் எல்லாம் அந்த நேரத்துக்கு ஸ்லோ. நினைவு தப்பினவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது, ஆஸ்பத்திரிதான். வண்டி ஓட்டுறவங்க முதல்ல வண்டியை நிறுத்தணும். அப்பா பண்ணின ஒரே நல்ல காரியம் அதுதான்னு டாக்டர் சொன்னார். மாத்திரை நேரத்தையும் மாத்திக் கொடுத்தார். இனிமே டிபனோடதான்.

'டிபனோட'ன்னா அஞ்சு மணிக்கு டிபன் வேணும். அம்மா இப்போ நாலு மணிக்கு எழுந்திரிக்கிறாங்க. ராத்திரியே மாவை எடுத்து வெளியே வெச்சுட்டுத்தான் படுக்கிறாங்க. இதை நான் எந்தக் கணக்குலயும் போடவே இல்லை.

ஜீப் டேஷ்போர்டுல இப்போ ரெண்டு டப்பா. நீல மூடி, பத்து மணிப் பசிக்கு என் பார். சிவப்பு மூடி, குளுக்கோஸ் பொடியும் ஒரு தண்ணி பாட்டிலும். சிவப்புல பெயின்ட் பேனாவால பெருசா '15' எழுதி ஒட்டினேன். ஜீப்புல வர்ற எல்லார்கிட்டயும் அது எதுக்குன்னு அப்பாவே விளக்கிச் சொல்லிட்டாராம். கடுங்காப்பி கொடுத்த அத்தைக்கு ஒரு டப்பா பார் கொடுத்து அனுப்பினேன். சாப்பிட்டுட்டு அப்பாகிட்ட சொல்லிவிட்டிருக்காங்க: "பிள்ளைகிட்ட சொல்லுங்கண்ணே, உப்பு இன்னும் ஒரு கல்லு போடணும். ஏலக்காயை நைசா இடிக்கணும், பல்லுல மாட்டுது. என் வீட்டுக்காரருக்கும் ஒரு டப்பா வேணும்."

ஆக, வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு கிலோ கடலை வறுக்கணும். அம்மா சுளகை எடுத்து வெச்சாச்சு. மிக்ஸியோட சிவப்பு பட்டன் எங்கே இருக்குன்னு தம்பிக்கும் காட்டிக் கொடுத்தாச்சு!